மூன்றாம் முறை கூப்பிடாதவள்

காணும் பொங்கலுக்குக் கம்பெனி ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு பழவேற்காடு போகிறோம் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது, நான் வரவில்லை என்றேன். கோட்டை பார்க்கலாம், டச்சுக்காரன் கல்லறை பார்க்கலாம், படகேறி அக்கரைக்குப் போய்க் கடலில் கால் நனைக்கலாம் என்று அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். இடிந்த செங்கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டுக் கொல்லைச் சுவரே அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் தங்கமான மனிதர். மணவாள நகரில் பிறந்து வளர்ந்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கதை கேட்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கவரைப்பேட்டை வருவதற்குள் மூன்று தலைமுறைக் கதையை வாங்கிவிடுவார். பிள்ளைகள் இரண்டும் பொங்கலுக்கு என் அம்மா வீட்டில் இருந்தன. அதனால் எனக்குச் சொல்வதற்குச் சாக்கும் இல்லை.

உள்ளதைச் சொல்வதென்றால், எனக்குப் போகத்தான் ஆசை. பத்து வருஷமாக ஆசை. அந்த ஊரில் ஒருத்தன் இருந்தான். அவனைத் தூரத்தில் நின்றாவது ஒரு தடவை பார்க்க வேண்டும், பார்த்து நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்தே நான் பத்து வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம் என் அக்கா ஜானகிக்கு இரண்டாவது பிரசவம். அவள் வீட்டுக்காரர் பழவேற்காட்டில் கம்பவுண்டராக இருந்தார். கூடமாட ஒத்தாசைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர் கவரைப்பேட்டையிலிருந்து இரண்டு மைல். அப்பாவுக்குப் பதினோரு காணி நெல் நிலம். ஏரி என்றால் மதகு வைத்துப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது என்றுதான் எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் ஏரி ஒன்று, கரையே தெரியாமல் கிடப்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

லோகநாதன் கோட்டைக்குப்பத்துச் செம்படவன் வீட்டுப் பிள்ளை. காலையில் இறால் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் நிற்பான். பின்னாலேயே அவன் அக்கா எல்லம்மா கூடையோடு வருவாள். பேரம் பேசுவது என் வேலை. இறால் சின்னதாக இருக்கிறதே, நீ பிடித்தாயா, தானே செத்து மிதந்ததா என்று நான் வாயாடுவேன். அவன் பதில் பேசாமல் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவான். எல்லம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டையை எங்களுக்குச் சுற்றிக் காட்டும்படி அக்கா வீட்டுக்காரர் அவனைக் கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லைக் காட்டினான். அப்புறம் கோட்டை மேடு. அகழியில் பாசித் தண்ணீர், மேலெல்லாம் முள். டச்சுக்காரன் காலத்துச் செங்கல் அங்கங்கே பல்லைக் காட்டியது. உச்சி வெயிலில் அங்கே யாரும் போக மாட்டார்கள் என்றான். கப்பலில் போன புருஷனுக்காகக் காத்திருந்து செத்துப்போன டச்சுக்காரி ஒருத்தி, நடுப்பகலில் வந்து ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாளாம். அவள் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஏதோ சொன்னான். நான் அதைக் கேட்கவில்லை. சொல்லும்போது அவன் புருவம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவன் மேல் ஆசை வந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். அவனுக்கும் வந்தது. பேரம் பேசுகிற நேரத்தில் பேசினோம், தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் பேசினோம். நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவன் பேரை எப்படிச் சொல்வது? 'ஏங்க' என்பேன், இல்லாவிட்டால் தொண்டையைக் கனைப்பேன். அதற்கே அவன் திரும்பிவிடுவான்.

என்னைக் கூட்டிப்போக அப்பா வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில் இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"ஒங்க நைனாவாண்ட நானே வந்து கேக்கறேன். வெட்டிப் போட்டாலும் சரி. ஆனா ஒனக்கு சம்மதமான்னு நீ ஒரு வார்த்த சொல்லணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒரு நாள் காக்க வைத்தால் என்ன குறைந்துவிடும் என்ற திமிரில், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அப்படியானால் நாளைக்கு உச்சி வேளைக்குக் கோட்டை மேட்டுக்கு வா, அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது என்றான். நாளைக்கு அவர்களுடைய பாடு என்றும் சொன்னான். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். தன் பாடு வருகிற நாளில் இறங்காதவனுக்கு அடுத்த முறை வரப் பல நாள் ஆகும், கூட்டாளிகள் வீட்டு உலையும் சேர்ந்து அணையும். அதனால் சூரியன் உச்சியைத் தாண்டியதும் அவன் இறங்கிப் போக வேண்டும். வராவிட்டால் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்றான்.

மறுநாள் பார்த்து அக்கா வீட்டுக்காரர் சாப்பாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். சோறு போட்டு, ரசம் ஊற்றி, மோர் ஊற்றி, அவர் ஏப்பம் விட்டுக் கட்டிலில் சாய்கிறவரைக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். நான் மேடேறியபோது அவன் அந்தப் பக்கச் சரிவில் இறங்கி ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். தூரத்தில் படகும் கூட்டாளிகளும். கனைத்தால் கேட்காது, 'ஏங்க' என்றாலும் கேட்காது. வெட்கத்தை விட்டு, முதல் தடவையாக அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"லோகநாதன்."

நின்றான். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். தோள் இரண்டும் குறுகியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். காதில் விழுந்திருக்கிறது, திரும்பத்தான் மனசில்லை என்று நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இன்னொரு தடவை கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். போ, நீ பெரிய இவன் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து அவன் தலை தெறிக்க ஓடினான். என் குரலைக் கேட்டு ஒருவன் ஓடுகிறான் என்றால் இனி அவன் எனக்கெதற்கு?

அதே கோபத்தில் ஊருக்குப் போனேன். அதே கோபத்தில், வந்த முதல் வரனுக்குத் தலையை ஆட்டினேன். பத்து நாளில் தாம்பூலம் மாற்றினார்கள், ஆனியில் கல்யாணம். அக்கா வீட்டுக்காரருக்கும் அடுத்த வருஷமே மாற்றலாகிவிட்டது. பழவேற்காட்டுக்குப் போக எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஆக, எழுபத்து நாலாம் வருஷம் காணும் பொங்கலன்று பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஊர் முழுக்க ஜனம். புளிச்சோற்றுத் தூக்கும் கரும்புமாகக் கல்லறை மேலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தெரியாத பாஷையைப் படிக்கப் பார்த்தார். கோட்டை மேட்டில் முள் இன்னும் உயரமாகியிருந்தது. நான் அதன் மேல் ஏறவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தேன். எதிரில் வருகிற ஒவ்வொரு ஆம்பிளை முகத்தையும் பார்த்தேன். முப்பது வயதை எட்டிய ஒரு பெண் செய்கிற காரியமில்லை அது. ஆனாலும் பார்த்தேன்.

துறையில் இறால் வறுத்து விற்றுக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லம்மா. முன்பல் இரண்டு போயிருந்தது, குரல் போகவில்லை.

"கம்பவுண்டர் ஊட்டு கலாதான நீ?" என்றாள்.

ஆமாம் என்றேன். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எத்தனை பிள்ளை, எந்த ஊர், வீட்டுக்காரர் எப்படி என்றெல்லாம் கேட்டாள். நான் பதில் சொல்லி முடிக்கவும் முடியாமல், உன் தம்பி எப்படி இருக்கிறான், இன்னும் யாராவது கூப்பிட்டால் ஓடுகிறானா என்று கேட்டுவிட்டேன். பத்து வருஷத்துக் கோபம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது.

எல்லம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஒனக்குத் தெரியாதா? எங்காளுங்க மூணாந் தபா கூப்ட்டாதான் திரும்புவாங்க. பேயி ரெண்டு தபாக்கு மேல கூப்டாது. மனுசந்தான் மூணு தபா கூப்டுவான். அவன் நின்னுக்கினு இருந்தான், மூணாவது வரும்னு. வரல."

எங்கள் ஊரிலும் ராத்திரியில் வாசலில் குரல் கேட்டால் உடனே பதில் சொல்லாதே என்பார்கள். நடுப்பகலுக்கும் அது உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? கோட்டை மேட்டில் அவன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். நான் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் குரல் கூடவா தெரியவில்லை என்று கேட்டேன். நீ அவன் பேரை என்றைக்கு அம்மா சொல்லியிருக்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மற்றதையும் அவள்தான் சொன்னாள். அகழிப் பக்கம் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தி லோகநாதனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கியதை எல்லம்மா ஒருத்திதான் பார்த்தவள். வலை கட்டிவிட்டு வந்தவனிடம் அவள் அதைச் சொன்னபோது, அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டானாம். ஆனால் ஊர் கேட்டபோது, டச்சுக்காரிதான் கூப்பிட்டாள் என்று சாதித்தான். என் பேரைச் சொல்லியிருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன், என் அக்கா எப்படி அந்த ஊரில் குடியிருப்பாள்? பேய் பிடித்தவன் என்று மூன்று வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் உட்கார வைத்து வேப்பிலையால் அடித்தார்களாம். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டான் என்று சொல்லி எல்லம்மா மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாவது வெள்ளி முடிந்த மறுநாள் ரயிலேறிக் கவரைப்பேட்டைக்கு வந்திருக்கிறான். ஸ்டேஷன் டீக்கடையில் எங்கள் வீட்டை விசாரித்தபோது, அந்த வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டான்.

"இப்ப பொஞ்சாதி, புள்ளைங்கன்னு நல்லாத்தான் கீறான். ஆனா அந்த ஒண்ணு மட்டும் அவனுக்கு ஆறல. வேணாம்னு சொல்லத்தான் வந்துச்சா, வர்றேன்னு சொல்ல வந்துச்சான்னு எங்கிட்ட எத்தினி தபா கேட்டிருப்பான் தெரிமா? எனக்கு இன்னா தெரியும்?"

நான் அழவில்லை. அழ நேரமில்லை. என் வீட்டுக்காரரும் கம்பெனி ஆட்களும் துறைக்கு வந்துவிட்டார்கள். எல்லம்மா கையைக் காட்டிய படகில் எல்லாரும் ஏறினார்கள். பின்பக்கம் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றவன் லோகநாதன்.

காதோரம் நரைத்திருந்தது. உடம்பு இறுகிக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு எல்லாரிடமும் சொல்வதைப் போலவே என்னையும் பார்த்து, பலகையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள் என்றான். திட்டுவதற்கென்று பத்து வருஷம் சேர்த்து வைத்ததில் ஒரு வார்த்தை கூட என்னிடம் மிச்சமில்லை. அவன் கேட்டதற்கு நான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது? எனக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் ஃபோர்மன் முனுசாமியின் மனைவி, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர்.

பாதி ஏரி போவதற்குள் என் வீட்டுக்காரர், கோட்டையில் பேய் இருக்கிறதாமே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று அவனைக் கேட்டார். லோகநாதன் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது தெரிந்தது. உச்சி வெயில், அன்றைக்குத் தன்னுடைய பாடு, சரிவில் இறங்கும்போது பின்னாலிருந்து பேர் சொல்லி ஒரு குரல். கேட்டதும் முதுகு சில்லிட்டது, நின்றுவிட்டேன், இன்னொரு தடவை கூப்பிட்டது, மூன்றாவதற்குக் காத்திருந்தேன், வரவில்லை, ஓடிவிட்டேன் என்றான். முனுசாமியின் மனைவி மேலாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எதற்காகக் கூப்பிட்டதாம் என்று என் வீட்டுக்காரர் விடாமல் கேட்டார்.

"அதாங்க சார் தெரில. யாராச்சும் தெரிஞ்சவங்க சொல்வாங்களான்னுதான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் மணல் மேட்டைத் தாண்டியதும் கடல். குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எப்போது திரும்பினாலும் லோகநாதன் படகடியில் முகத்தை ஏரிப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் குடித்து வருகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை என் வீட்டுக்காரரும் தாகமென்று கூடவே வந்தார். இன்னொரு தடவை முனுசாமியின் மனைவி கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே பின்னால் வந்தாள். மனிதர்கள் நல்லவர்களாக இருந்தால் இதுதான் பேஜாரு.

இந்த மணலில் இவனோடு நான் நடந்திருப்பேன். காலையில் இறால் கூடை தூக்கியிருப்பேன், கை நாறியிருக்கும், மாமியாரோடு சண்டை போட்டிருப்பேன். இப்போதிருக்கிற வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையுமில்லை. குறையில்லாத வாழ்க்கையில் இருந்துகொண்டே அந்தக் கூடைக்காக என் தலை ஏங்கியது. அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும்.

பொழுது சாயத் தொடங்கியதும் எல்லாரும் படகுக்குத் திரும்பினோம். ஆடிக் களைத்ததில் பேச்சே இல்லை. கோட்டை மேடு நெருங்கி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துறை, துறையிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி. இனி எந்தக் காணும் பொங்கலுக்கு யார் என்னை இங்கே கூட்டி வரப்போகிறார்கள்? எல்லாருக்கும் கேட்கும்படியே பேசினேன்.

"அந்தப் பேய் இன்னாத்துக்குக் கூப்டுச்சுன்னு தெரிலன்னு சொன்னீங்களே."

கழி தண்ணீரில் நின்றது. அவன் என்னைப் பார்த்தான்.

"சம்மதம்னு சொல்லத்தான் வந்திருக்கும். வேற எதுக்கு ஒருத்தி அந்த வெயில்ல வெறுங்காலோட மேடேறி ஓடி வருவா? வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாயிடுச்சு. அதான் பேரச் சொல்லிக் கூப்டுச்சு."

அப்புறம் ஏன் மூன்றாவது தடவை கூப்பிடாமல் போனது என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கோவக்காரி," என்றேன். "அது அவ தப்புதான்."

பேய்க்கே கோபம் வருமா என்று யாரோ சிரித்தார்கள். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. முன்னால் கழி போட்டுக்கொண்டிருந்தவர், இன்னா லோகு தூங்கறியா என்று சத்தம் போட்டார். லோகநாதன் கழியைப் பிடுங்கி மறுபடி ஊன்றினான். படகு நேரானதும், யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"நெசமாங்களா?"

"நெசந்தான்," என்றேன்.

துறை வருகிறவரைக்கும் அவன் கழியை ஊன்றி ஊன்றி எடுத்தான், அவ்வளவுதான். படகு மணலில் தட்டி நின்றதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் இறங்கிவிட்டு, கதை பிரமாதம், அடுத்த வருஷம் என் தம்பியையும் கூட்டி வருகிறேன், அவனுக்கும் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று லோகநாதனிடம் சொன்னார்.

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பதிலை அவருக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னான்.

"இனிமே யாருக்கும் அத சொல்ல வேண்டியதில்லம்மா."

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.